தளபதியின் கோடாலிக் கை

ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். குழந்தை முழுங்கினது ஒன்னாம்மா ரெண்டா என்று டாக்டர் கேட்டார், கேட்டுவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் எக்ஸ்ரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் என் தன்யாவின் விலா எலும்பெல்லாம் மீன் முள் மாதிரி வரிசையாக, அதற்குக் கீழே வயிற்றில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு, பளிச்சென்று, கறுப்புத் துணியில் ஊசி குத்தி வெளிச்சம் வரவைத்த மாதிரி. படத்தில் தெரிவது ஒன்றுதானே, ஒன்னுதாங்க சார் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் அவர் சொன்னார். "ஒன்னுன்னா பயப்பட வேண்டாம்மா, ஆய் போறப்ப தானா வந்துரும். காந்தம் ரெண்டு இருந்தாத்தான் வம்பு. ஒன்னு குடல்ல இந்த மடிப்புல நிக்கும், இன்னொன்னு அடுத்த மடிப்புல நிக்கும், ஒன்னையொன்னு விடாம இழுத்துப் பிடிச்சுக்கும். நடுவுல மாட்டுன குடல் ஓட்டையாயிரும்." சொல்லிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார். இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேட்டிருக்கக் கூடாதா. முதலில் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன். தெரியாதுங்க சார் என்று சொல்லியிருப்பேனா. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா, பெற்றவளுக்கே தெரியாதா, அப்படி என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று ஒரு கேள்வி வருமே, அந்தக் கேள்விக்குப் பயந்துதானே ஒன்று என்றேன். ஒன்று. ஒன்றாகத்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜெஸிந்தா அக்கா சீட்டு வாங்கப் போயிருக்கிறார். சீட்டு வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸம்மா சொல்லி என்னை இந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தன்யா மடியில் நின்றுகொண்டு என் காதைப் பிடித்து இழுக்கிறாள், எச்சில் என் தோளில் ஒழுகுகிறது, சிரிக்கிறாள். வயிற்றில் அதை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கிறாள். கையை அவள் வயிற்றில் வைத்துப் பார்க்கிறேன், பஞ்சு மாதிரி இருக்கிறது, சூடாக இருக்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று தோலுக்கு மேலே ஒரு அடையாளமும் இல்லை. எக்ஸ்ரே எடுக்கிறவர் அரைஞாணை அவிழ்க்கச் சொன்னார், வெள்ளி, இரும்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம், முடிச்சு அவிழவே இல்லை, அவரே கத்திரி கொண்டுவந்து வெட்டிவிட்டார். பிறந்த வீட்டில் வெள்ளித் தாயத்துக் கோத்துக் கட்டிவிட்ட கயிறு. இப்போது இடுப்பைச் சுற்றி வெறும் சிவப்புத் தடம் மட்டும். அந்தத் தடத்தை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறேன், தடவ வேண்டாம், வயிற்றை அமுக்கக் கூடாதோ என்னவோ, அமுக்கினால் இரண்டும் நகர்ந்து, இரண்டும் என்று ஏன் நினைக்கிறேன், ஒன்று, ஒன்று என்றுதான் நினைக்க வேண்டும். காலடியில் பை இருக்கிறது. அதைக் காலால் இன்னும் தள்ளி வைக்கிறேன். பைக்குள் பொம்மைத் தளபதி இருக்கிறான். தளபதியின் தோளில் காந்தம் இருக்கிறது, அது இங்கே கிட்டத்தில் இருந்தால் உள்ளே இருப்பதை இழுக்குமா, அத்தனை தூரம் இழுக்காது, விரல் அகலத்துக்குத்தான் இழுக்கும், எனக்குத் தெரியும், தினமும் அதில்தானே வேலை, தெரிந்தும் இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

வீட்டில் கிடந்ததையெல்லாம் அப்படியே அள்ளிப் பையில் போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன், என்ன மாதிரி பொருள் என்று கேட்டால் காட்ட வேண்டுமே என்று. யாரும் கேட்கவில்லை. காந்தம் என்றதும் புரிந்துகொண்டார்கள். சின்னக் காந்தம், நாம் நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டில் ஆகச் சின்னது இருக்குமே, அந்த அளவு, ஆனால் தடிமன் உண்டு, கனம் உண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வெள்ளிக் குச்சி மாதிரி வரும். அக்கா வீட்டு மாடியில் நாங்கள் செய்வது பொம்மை வேலை. பொம்மை என்றால் குழந்தைகள் விளையாடுகிற பொம்மை இல்லை, பெரியவர்கள் விளையாடுவது. மேசை மேல் தெர்மோகோலில் மலை, கோட்டை எல்லாம் செய்து வைத்து, கட்டைவிரல் உயரத்துக்குப் படைவீரர்களை அணிவகுத்து நிறுத்தி, ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள், வேலைக்குப் போகிற பையன்கள், மீசை வைத்தவர்கள். அவர்களுக்குப் பொம்மையை ஒட்டி, சாயம் பூசிக் கொடுப்பது அக்கா. கை, கால், தலை, கத்தி எல்லாம் தனித்தனியாக வரும். குழந்தை பிறந்ததும் என்னால் மாடிக்குப் போக முடியவில்லை, அக்காதான் நீ வீட்டிலேயே பண்ணு கண்ணு, உன்ற கை யாருக்கும் வராது என்று கொண்டுவந்து கொடுத்தார். தன்யா தவழ ஆரம்பித்தபின் தரையில் ஒன்றும் வைக்க முடியவில்லை. அரிசி கிடந்தால் வாயில், எறும்பு போனால் வாயில். தட்டில் வைத்தால் தட்டைக் கவிழ்ப்பாள், சன்னல் மேலே வைத்தால் நான் எட்டி எடுப்பதற்குள் பசை காய்ந்துவிடும். அதனால்தான் தாலிக்கொடியில் ஊக்கு இருக்கிறதே, அந்த ஊக்கில் காந்தத்தை ஒட்டிக்கொள்வேன். இரும்பு ஊக்கு, போட்ட உடனே டக்கென்று பிடித்துக்கொள்ளும். எடுக்கவும் வசதி, தரையிலும் இல்லை, தட்டிலும் இல்லை, என் நெஞ்சில் இருக்கிறது, என் நெஞ்சைவிடப் பத்திரமான இடம் எது. அப்படித்தான் நினைத்தேன். பால் குடிக்கிறபோது அவள் கை எங்கே போகும், அவள் வாய் பாலை விட்டுவிட்டு எதைச் சப்பும் என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா. தினமும் பார்க்கிறேனே. தாலிக்கொடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டுதானே தூங்குவாள். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், பார்த்தது தலைக்குள் போகவில்லை.

இந்தத் தளபதி வராமல் இருந்திருக்கலாம். சாதா வீரனுக்குக் காந்தம் கிடையாது, ஒரு கை, ஒரு கத்தி, ஒட்டினால் ஒட்டினதுதான். தளபதிக்குத்தான் கை மாற்ற வேண்டும், அதற்குத்தான் தோளிலும் ஒவ்வொரு கை முனையிலும் காந்தம். கிரிதர் சார் நேரில் வந்து சொன்னார், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நல்ல உயரம், அக்கா வீட்டு நிலைப்படியில் தலை இடிக்கும். பெட்டியைத் திறந்து துணியைப் பிரித்து எடுத்தார், உடும்பு மேல் ஏறி உட்கார்ந்த தளபதி, தலையில் மான் கொம்பு வைத்த கிரீடம். "இவந்தாங்க்கா என் மொத்தப் படைக்கும் உயிரு. இவன் விழுந்தா எல்லாப் பயலும் தெறிச்சு ஓடிருவாங்க. இவன எப்படித் தயார் பண்றோமோ அதுலதான் ஆட்டமே இருக்கு." அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "அம்மா பொண்ணு பாத்துட்டு இருக்காங்க, சாரு உடும்புக்கு ஆள் பாத்துட்டு இருக்கறாரு." அவர் கூச்சப்படாமல் சிரித்தார், எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. ஒவ்வொரு ஆயுதமாக எடுத்துச் சொன்னார். எதிரியிடமும் பெரிய தளபதி இருந்தால் வாள், ஒண்டிக்கு ஒண்டி நிற்க. தூரத்திலிருந்து பாய்ந்து போய் யானை மாதிரி மிருகத்தைக் குத்த ஈட்டி. சில்லறைப் படை கூட்டமாகச் சூழ்ந்துகொண்டால் கோடாலி, ஒரே வீச்சில் நாலைந்து பேர். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு, புள்ளி மீறினால் படையில் ஆள் குறையும், அதனால் எதிரே யார் என்று பார்த்துவிட்டுத்தான் எந்தக் கை என்று முடிவு செய்வாராம். கழுத்தில் ஒரு நீலக் கல் பூசச் சொன்னார். "அது மட்டும் எப்பவும் இருக்கணுங்க. செத்தான்னு பகடை விழுந்தாலும் ஒரே ஒரு தடவ சாகாம எந்திரிச்சுருவான், அந்தக் கல்லு இருந்தா." நான் அன்றைக்கு வாய் திறந்து ஒன்றே ஒன்று கேட்டேன், ஒரு தடவைக்கு மேலே ஆகாதுங்களா என்று. "ஆகாதுங்க. அப்புறம் ஆட்டம் நல்லா இருக்காது." சரியென்று தலையாட்டினேன். அந்த நீலத்தை நான் எவ்வளவு நேரம் எடுத்துப் பூசினேன். மூன்று நீலம் கலந்து, நடுவில் ஊசி முனையில் வெள்ளை தொட்டு வைத்து. தன்யாவை வெறும் இடுப்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நிதானமாக நினைக்க வேண்டும். முதலிலிருந்து. காலையில் தோளில் துளை போட்டுக் காந்தம் வைத்தேன், அது காய்ந்துவிட்டது. கைகளுக்கு மூன்று, கேடயத்துக்கு ஒன்று என்று குச்சியிலிருந்து பிரித்து ஊக்கில் ஒட்டினேன். வாள் கைக்கு ஒன்று எடுத்து வைத்தேன், தோளிடம் கொண்டுபோனேன், பிடித்தது. ஈட்டிக் கை, பிடித்தது. கோடாலிக் கைக்கு எடுத்தபோது வெளியே கீரைக்காரம்மா கூப்பிட்டது, வேண்டாங்க்கா என்று சொல்லத் திரும்பினேன், அதற்குள் காந்தம் விரலில் புரண்டுவிட்டது போல. எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று சிவப்பு மையில் புள்ளி வைத்திருப்போம், புள்ளியைப் பார்க்காமல் வைத்து அமுக்கிவிட்டேன். தோளிடம் கொண்டுபோனால் கை விலகி விலகிப் போகிறது, கண்ணுக்குத் தெரியாமல் நடுவில் யாரோ நின்று தள்ளுகிற மாதிரி. தலைகீழாக ஒட்டிவிட்டேன். இதுவரை எல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது. ஊக்கில் அப்போது மிச்சம் கேடயத்துக்கு உண்டானது மட்டும், ஒன்று. அதற்கு அப்புறம் என்ன செய்தேன். தலைகீழாக ஒட்டியதை பிளேடு முனையால் நோண்டி எடுக்க வேண்டும், எடுத்து ஊக்கில் ஒட்டி வைத்துவிட்டு, துளையைச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். நோண்டினேனா. நோண்டிய மாதிரி இருக்கிறது. பிளேடு பிடித்தது, உள்ளே கிரீச் என்று கேட்டது, விரலில் பட்டது எல்லாம் இருக்கிறது, ஆனால் அது இன்றைக்கா. போன வாரமும் ஒருவனுக்கு இப்படி நோண்டினேனே, பறவை முகக்காரனுக்கு. அவன் நினைவும் இவன் நினைவும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது, பிரிக்கப் பார்க்கிறேன், நகம் போகவில்லை. பாப்பா தூங்கினபின் நோண்டலாம் என்று நினைத்தேன், அது நிச்சயம் இன்றைக்குத்தான். நினைத்தது இன்றைக்கு. செய்தது? அப்போதுதான் பசிக்கு அழுதாள், மடியில் போட்டுக்கொண்டேன், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன், சுவரில் சாய்ந்தேன், கண் சொக்கியது, கொஞ்ச நேரம்தான், விழித்துப் பார்த்தால் அவள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு மேலே பார்க்கிறாள், ஊக்கு மொட்டையாக இருக்கிறது. கத்தினேன். காந்தத்தக் காணோங்க்கா என்றுதான் கத்தினேன், எத்தனை என்று கத்தவில்லை. அக்கா ஓடி வந்து பாயை உதறினார், என் சேலையை உதறினார், பெரிய காந்தம் ஒன்றை எடுத்து வந்து தரை முழுக்கத் தேய்த்தார், ஒரு குண்டூசி வந்தது, வேறொன்றும் வரவில்லை. ஆக ஊக்கில் எத்தனை இருந்ததோ அத்தனையும் அவளுக்குள். நோண்டவில்லை என்றால் ஒன்று. நோண்டியிருந்தால் இரண்டு. எங்கே சுற்றினாலும் அந்தக் கோடாலிக் கையில்தான் வந்து முட்டுகிறேன்.

இடுப்பில் போன் அதிர்கிறது. அவர்தான். பட்டறையில் டீக்கு விட்டால் கூப்பிடுவார், சாப்ட்டியா, புள்ள என்ன பண்ணுது, அவ்வளவுதான் கேட்பார், வைத்துவிடுவார். எடுத்தால் என் குரலே சொல்லிக் கொடுத்துவிடும். எடுக்காவிட்டால் வேலை மும்முரம் என்று நினைத்துக்கொள்வார். அதிர்ந்து அதிர்ந்து நிற்கிறது. தன்யா என் இடுப்பையே பார்க்கிறாள், அப்பா என்று தெரிந்த மாதிரி. அவரிடம் என்ன சொல்ல. ஒன்றுதான் என்று சொன்னால் அப்படியா என்று விட்டுவிடுவார், அவர் என்னை நம்புவார், டாக்டர் நம்பின மாதிரி, எல்லோரும் என்னை நம்பிவிடுகிறார்கள், நான் அதிகம் பேசுவதில்லை அல்லவா, பேசாதவள் பொய் சொல்ல மாட்டாள் என்று. இவள் பிறந்தபோது பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலெல்லாம் அலறிக்கொண்டிருந்தது, நான் சேலை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தேன், நர்ஸம்மா வந்து பாரு, தங்கமான பொண்ணு, சத்தமே போடல என்று மற்றவர்களிடம் சொன்னார். அது எனக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்கெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், தங்கமான பொண்ணாக, டாக்டர் அறைக் கதவு எதிரேதான் இருக்கிறது, எழுந்து போய்ச் சொல்ல வேண்டியதுதான், சார், ஒன்னான்னு எனக்கு நிச்சயமாத் தெரியலைங்க. இவ்வளவுதான். வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். உள்ளே வேறு யாரோ ஆண் பிள்ளை போயிருக்கிறார், சட்டை கழற்றியிருப்பார். அப்புறம் டாக்டர் கேட்பார், எங்கேம்மா வெச்சிருந்தே. என்ன சொல்வேன். நெஞ்சில் ஊக்கில் என்று, அத்தனை பேருக்கு நடுவில், கையை இங்கே காட்டியா. இதற்கா வெட்கம். இதற்குத்தான். குடல் ஓட்டையாகிற இந்த நேரத்திலும் எனக்கு இதற்குத்தான் வெட்கம் வருகிறது, எனக்கே என்னைப் பார்த்தால் பதறுகிறது.

"கோகிலா, எந்திரி, சீட்டுக் குடுத்துட்டாங்க." அக்கா வேகமாக வருகிறார், கையில் காகிதம், முகத்தில் வியர்வை, முதல் தடவையாகச் சிரிப்பு. "வாழப்பழம் நெறைய குடுக்கோணுமாம். இனி ஒரு வாரத்துக்கு உன்ற புள்ள ஆயக் கிண்டிக்கிட்டு ஒக்காந்திரு, அதான் உனக்கு வேல. அந்தக் கிரிதரு நடுவுல போனு பண்றான், தளபதி ரெடியாங்க்கான்னு. தளபதி வயித்துக்குள்ள போயிட்டாண்டா, வெளிய வந்ததும் தாரேன்னு சொல்லலாம்னு பாத்தேன்." சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பயந்துவிட்டார் பாவம். நான் எழுந்து தன்யாவை அவர் கையில் கொடுத்தேன். "இவளப் பிடிங்க்கா. அந்தத் தூணுகிட்டப் போயி நில்லுங்க." "ஏங்கண்ணு?" "போங்க்கா." அக்காவை நான் போங்க என்று சொன்னதே இல்லை. ஒன்றும் புரியாமல் போய் நின்றார். நான் பையைப் பிரித்தேன். தளபதியை எடுத்தேன், உடும்பு வால் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கைகள் எல்லாம் பழைய குங்கும டப்பாவில் கிடந்தன, வாள், ஈட்டி, அடியில் கோடாலி. சுண்டுவிரல் நகம் மாதிரி சின்னது, விரலில் எடுத்தால் விரல் ரேகைதான் பெரிதாகத் தெரிகிறது. ஒட்டுகிற முனையில் பசை வெள்ளையாகப் பூத்திருந்தது, உள்ளே இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை, என் கண்ணிலும் தண்ணீர். தள்ள வேண்டும். தோளிடம் கொண்டுபோனால் தள்ள வேண்டும். தள்ளினால் தலைகீழ்க் காந்தம் இன்னும் உள்ளே இருக்கிறது, நான் நோண்டவே இல்லை, ஊக்கில் ஒன்றுதான் இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு வேலை தப்பாக இருக்க வேண்டும் என்று இப்படி வேண்டிக்கொண்டதில்லை. தள்ளு சாமி, தள்ளிவிடு. கோடாலிக் கையைத் தளபதியின் தோளிடம் கொண்டுபோனேன்.

தள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை. தோளில் வைத்தேன், விரலை எடுத்தேன், கை நழுவித் தரையில் விழுந்தது. வெறும் பிளாஸ்டிக் விழுகிற சத்தம். குனிந்து எடுத்து மறுபடியும் வைத்தேன். மறுபடியும் விழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நோண்டியிருக்கிறேன். நோண்டி எடுத்து, என் விரலாலேயே ஊக்கில் ஒட்டி வைத்திருக்கிறேன், கேடயத்துக்கு உண்டானதன் மேலே, பத்திரமாக. "என்னாச்சு கோகிலா? எதுக்கு இப்ப அதப் போட்டு…" "ரெண்டுக்கா." "என்னது ரெண்டு?" "பாப்பா முழுங்குனது ரெண்டு." அக்கா முகம் சுருங்கியது. "நீதான ஒன்னுன்னு சொன்ன? படத்துலயும் ஒன்னுதான இருந்துச்சு? இப்பப் போயி மாத்திச் சொன்னா அவரு என்ன நெனப்பாரு? நல்லா யோசன பண்ணிச் சொல்லு, வீணா அந்தப் பச்ச மண்ண மறுபடி…" நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கதவைத் தட்டவும் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன், ஒருத்தர் சட்டை கழற்றித்தான் நின்றிருந்தார், இருந்துவிட்டுப் போகட்டும், டாக்டர் நிமிர்ந்தார், வெளிய இரும்மா என்று கை காட்டினார். "ரெண்டு சார்." என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்டது, அறைக்கு அது ரொம்பப் பெரிது. "நான் சொன்னது தப்பு. ரெண்டு. இங்க ஊக்குல ஒட்டி வெச்சிருந்தேன், பால் குடிக்கறப்ப முழுங்கிட்டா. எனக்கு அப்பத் தெரியல, இப்பத் தெரியுது, ரெண்டு." கை நெஞ்சில் இருந்தது. டாக்டர் திட்டவில்லை. எழுந்துவிட்டார். "அதுக்குத்தாம்மா எத்தனன்னு கேட்டேன். நேராப் பாத்தா ஒன்னு மேல ஒன்னு ஒட்டிக்கிட்டு ஒன்னு மாதிரிதான் தெரியும். பக்கவாட்டுல ஒரு படம் எடுங்க சிஸ்டர், உடனே." மறுபடியும் அந்த இருட்டு அறை, அந்தக் குளிர்ந்த பலகை, தன்யாவைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன், அவள் அழுதாள். படம் வந்தது. பக்கவாட்டில் பொட்டு இல்லை. குட்டியாக ஒரு கோடு, தடிமனாக, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு பிரிவு.

"வயித்துலயேதான் இருக்கு, குடலுக்கு இன்னும் எறங்கல. இப்பவே குழாய் விட்டு எடுத்துரலாம். வீட்டுக்குப் போயிருந்தா…" என்று ஆரம்பித்து டாக்டர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். எப்போது கடைசியாகக் குடித்தாள் என்று கேட்டார்கள், சொன்னேன். எதற்கோ கையெழுத்து என்றார்கள், போட்டேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். போன் அதிர்ந்தது, எடுத்தேன், இங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க, பாப்பா காந்தத்த முழுங்கிட்டா, என்னாலதான், வந்து திட்டுங்க, இப்ப வாங்க என்று ஒரே மூச்சில் சொன்னேன், லேத்து மெஷின் சத்தத்துக்கு நடுவில் வாரேன் என்றார். பச்சை உடுப்புப் போட்ட நர்ஸம்மா வந்து கையை நீட்டினார். தன்யா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவரிடம் தாவினாள், எங்கேயோ வெளியே கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். மயக்க மருந்து குடுக்கற வரைக்கும் அழுவா, அப்புறம் டக்குனு அழுக நின்னுரும், அதுக்கு நீங்க பயந்துக்கக் கூடாது என்று நர்ஸம்மா நின்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். கதவு மூடியது. மூடினபின் அழுதாள். அந்த அழுகைக்கு என் ரவிக்கை நனைந்தது, பால், நிற்கவே இல்லை, முந்தானையால் அழுத்திக்கொண்டு கதவில் காதை வைத்து நின்றேன். அழுதாள், மூச்சு வாங்கி மறுபடி அழுதாள், அம்மா என்கிற மாதிரி ஒன்று வந்தது, இன்னும் அம்மா சொல்லத் தெரியாது அவளுக்கு. அக்கா பின்னால் வந்து என் தோளைப் பிடித்தார். பிடித்த அந்த நொடியில் உள்ளே அழுகை நின்றுவிட்டது. நிற்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள்.